கரி எரித்து நீர் வடித்த கப்பல்கள்: செங்கடற்கரைப் போர்களும் மதராஸ் சாப்பர்களும்

போர்க்காலக் கடற்படைகளின் கப்பல் பட்டியல்களில் பீரங்கி தாங்கியவை முதலிலும், எண்ணெயும் வெடிமருந்தும் உணவும் சுமப்பவை அடுத்தும், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓரிரு வரிகளில் வடிநீர்க் கப்பலும் இடம்பெறுவது வழக்கம். கடல்நீரைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்து, கிடைக்கும் நன்னீரைப் பிற கப்பல்களுக்கும் கரையிலுள்ள படைக்கும் வழங்குவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட கலம் அது. ஆற்றுநீரைத் தொட்டிகளில் நிரப்பி இன்னோர் இடத்துக்குச் சுமந்து செல்லும் தண்ணீர்க் கப்பலிலிருந்து இது வேறானது. அது நீரை இடம் மாற்றுகிறது, இது நீரை உண்டாக்குகிறது. உண்டாக்குவதற்கு எரிபொருள் வேண்டும். ஆகவே ஒரு வடிநீர்க் கப்பலின் பணி வரலாறு என்பது எரிந்த கரிக்கும் வடிந்த நீருக்கும் இடையிலான கணக்காகவும், அந்த நீரைக் குடித்தவர்களின் வரலாறாகவும் ஒருசேரப் படிக்கப்பட வேண்டியது என்பதே இச்சொற்பொழிவின் நோக்கு.

கடலிலிருந்து நெடுந்தொலைவில், தக்காண மேட்டின் விளிம்பில் அமைந்த ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இப்பொருளைப் பேசுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, செங்கடலின் வறண்ட கரைகளில் இத்தகைய கப்பல்கள் வடித்த நீரை நம்பி நின்ற இந்தியப் படைகளுள், ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டர் அப்பால் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையும் இருந்தது. இரண்டாவது, அக்கப்பல்கள் அன்று போட்ட கணக்கை இந்தக் கர்நாடக எல்லைப்பகுதியின் தொழிற்சாலைகள் இன்று நாள்தோறும் போட்டுக்கொண்டிருக்கின்றன.

வாலையும் கொதிகலனும்

நீரைக் காய்ச்சி வடிக்கும் கலை தமிழ் மருத்துவ மரபுக்குப் புதியதன்று. சித்த மருத்துவர் மருந்துப் பொருளை நீருடன் கொதிக்கவைத்து, ஆவியைக் குழாய் வழியே செலுத்திக் குளிர்வித்து இறக்கும் வடிபொருளுக்குத் தீநீர் என்றும், அதை இறக்கும் கருவிக்கு வாலை என்றும் பெயர். குழந்தைக்கு வயிறு உப்பினால் புகட்டும் ஓமத் தீநீர் அவ்வாறு இறக்கப்படுவதே. வடிநீர்க் கப்பல் என்பது அளவில் பெருத்த ஒரு வாலைதான். அதில் அடிப்பானைக்குப் பதில் இரும்புக் கொதிகலனும், மேற்சட்டியில் ஊற்றும் குளிர்நீருக்குப் பதில் குழாய்க்கற்றைகளைச் சுற்றி ஓடும் கடல்நீரும் உள்ளன. ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் அப்பகுதியே கண்டென்சர் எனப்படுவது. உப்பு ஆவியாவதில்லை, அது கொதிகலனிலேயே தங்கி, மிஞ்சும் நீரை மேன்மேலும் கரிக்கச் செய்கிறது.

கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இம்முறைக்குள் இரண்டு கடினங்கள் உள்ளன. ஒன்று வெப்பம். ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுசெல்ல ஆகும் வெப்பத்தைவிட, கொதிநிலையில் உள்ள அந்நீரை ஆவியாக மாற்ற ஆகும் வெப்பம் பல மடங்கு அதிகம். ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வேண்டும். சாதாரணக் கொதிகலனில் நல்ல நிலக்கரி ஒரு டன் எரித்தால், வீணாகும் வெப்பம் போக, ஏழெட்டு டன் நன்னீர் கிடைத்தால் அது நல்ல வேலை. இரண்டாவது கடினம் படிவு. கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் பிரிந்து குழாய்ச்சுவரில் கல்போல் ஒட்டிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாத்திரங்களின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதே இனத்துப் பொருள்தான். அது தடிக்கத் தடிக்க வெப்பம் உள்ளே ஊடுருவாது, கரி அதிகம் செலவாகும், நீர் குறையும்; சுரண்டி எடுக்கும்வரை கருவியை நிறுத்த வேண்டும். செங்கடலின் நீர் பெருங்கடல்களின் நீரைக் காட்டிலும் உப்பு மிகுந்தது என்பதால் அங்கே இத்தொல்லையும் மிகுதி.

பாய்க்கப்பல் காலத்திலேயே இதற்கான முயற்சிகள் தொடங்கிவிட்டன. ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1760களில் கப்பலின் சமையற்கலத்திலேயே கடல்நீரை வடிக்கலாம் என்று காட்டினார். சார்லஸ் இர்விங் என்பவர் அமைத்த கருவிக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1772இல் 5,000 பவுண்டு பரிசளித்தது. நீராவிக் கப்பல் வந்தபின் கொதிகலனும் நிலக்கரியும் எப்படியும் கப்பலில் இருந்தமையால் நீர் வடிப்பது ஒரு துணைத்தொழிலாயிற்று. வடித்த நீரில் கரைந்த காற்று இல்லாமையால் அது சப்பென்று இருக்கும். அதில் மீண்டும் காற்றைக் கலந்து சுவையேற்றும் கருவியை ஆல்போன்ஸ் நார்மண்டி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கினார். ஏடனில் நிலக்கரி ஏற்றச் செல்லும் கப்பல்களும் காவற்படையும் இருந்தமையால் கரையிலேயே இத்தகைய கண்டென்சர்கள் நிறுவப்பட்டன. ஆயினும் ஒரு முழுப் படையின் தாகம் கப்பல்களின் கொதிகலன்களை நம்பி விடப்பட்ட பெருநிகழ்ச்சி 1867ஆம் ஆண்டு இறுதியில்தான் நேர்ந்தது.

சூலாக் கரை, 1867–68

அபிசீனியாவின், அதாவது இன்றைய எத்தியோப்பியாவின், பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸ் பிரிட்டிஷ் தூதரையும் வேறு சில ஐரோப்பியரையும் சிறைவைத்ததைக் காரணமாகக் காட்டி அனுப்பப்பட்ட படை, இலண்டனிலிருந்து அன்றி இந்தியாவிலிருந்தே திரட்டப்பட்டது. பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதி சர் ராபர்ட் நேப்பியர் அதற்குத் தலைவர். ஏறத்தாழ 13,000 படைவீரர்கள், அவர்களைப் போல் இருமடங்கான 26,000 பணியாட்கள், 40,000க்கும் மேற்பட்ட விலங்குகள் என அதன் அளவு கணக்கிடப்படுகிறது. பீரங்கிகளைச் சுமக்க இந்தியாவிலிருந்து 44 யானைகளும் கப்பலேறின. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஈராண்டு இருந்த காலம் அது. மாசாவா துறைமுகத்துக்குத் தெற்கே அன்னெஸ்லி வளைகுடாவில் உள்ள சூலா என்னும் மணற்கரை இறங்குதுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. முன்படை 1867 அக்டோபரில் அங்கே இறங்கியது.

சூலாவில் ஆழமான நங்கூரத்துறை இருந்தது. மலைக்கு ஏறும் கணவாயும் அருகில் இருந்தது. குடிநீர் இல்லை. நம்பத்தக்க கிணற்றுநீர் கிடைத்த இடம் உட்பக்கம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால், மலையடிவாரத்துக் குமாய்லியில்தான். எனவே கரையில் இறங்கிய ஒவ்வோர் ஆளும் ஒவ்வொரு கழுதையும் குடித்தது வளைகுடாவில் நங்கூரமிட்டிருந்த நீராவிக் கப்பல்கள் வடித்த நீரே. கப்பலிலிருந்து படகுகளில் நீர் கரைக்கு வந்தது. கரையில் தொட்டிகளில் விடப்பட்டது. பின்னர் கரையிலும் கண்டென்சர்கள் நிறுவப்பட்டன. இக்கப்பல்களுக்கு வேண்டிய நிலக்கரியும் கடல் வழியாகவே வர வேண்டியிருந்ததால், ஒரு குவளை நீர் சூலாவில் ஒருவன் கைக்கு வருமுன் அதற்கான கரி பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்திருந்தது.

கணக்கு எவ்வளவு கொடியது என்பதைச் சிறு எண்களால் உணரலாம். வெப்பநாட்டில் சுமை தூக்கும் ஒரு கோவேறு கழுதைக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்று வைத்தால், ஆயிரம் கழுதைகளுக்கு 25 டன் நீர், அதாவது மூன்று டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி. ஒரு யானைக்கு 150 லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும், 44 யானைகளும் ஒருசேரக் கரையில் நின்றால் அவற்றின் தாகம் தீர நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டன் கரி எரிய வேண்டும். ஆளுக்கு நான்கைந்து லிட்டர் என்றால் மனிதருக்கான நீர் இதனோடு ஒப்பிடக் குறைவே. சுமை விலங்குகளே படையை மலைமேல் ஏற்றும் கால்கள் என்பதால், அவற்றுக்கு நீரைக் குறைத்தால் படை கடற்கரையிலேயே தங்கிவிடும். குறைக்காவிட்டால் கண்டென்சர்களால் ஈடுகொடுக்க முடியாது.

முதல் வாரங்களில் ஈடுகொடுக்க முடியவில்லை. எகிப்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வாங்கப்பட்ட கழுதைகள், அவற்றைப் பேணத் தெரிந்த ஆட்களும் கட்டும் சங்கிலிகளும் போதிய நீர்த்தொட்டிகளும் வந்து சேருமுன்னே இறக்கப்பட்டன. அவை கட்டை அறுத்துக்கொண்டு நீர் தேடி அலைந்ததையும், தொட்டிகளைச் சூழ்ந்து ஒன்றையொன்று மிதித்ததையும், நூற்றுக்கணக்கில் தாகத்தாலும் நோயாலும் மடிந்ததையும் உடன்சென்ற செய்தியாளர்கள் எழுதினர். பிற்காலத்தில் சிறுவர் நாவல்களால் புகழ்பெற்ற ஜி. ஏ. ஹென்டி அவர்களுள் ஒருவர். இப்படையெடுப்பைத் திட்டமிடலின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டும் நூல்கள் பல உள்ளன. 1868 ஜனவரியில் நேப்பியர் வந்து சேர்ந்தபின் நடந்தவற்றுக்கு அப்புகழ் பொருந்தும். ஆனால் அதற்கு முன் அந்த மணலில் கிடந்த விலங்குகளின் உடல்களையும் சேர்த்தே இதன் வரலாறு எழுதப்பட வேண்டும். பீரங்கிகளும் உணவும் காலத்தே வந்து சேர்ந்த இடத்தில், நீரை உண்டாக்கும் ஆற்றலும் நீரைக் குடிக்கும் வாய்களும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்களில் இருந்தன என்பதே அத்துயரின் காரணம்.

இப்படையில் மதராஸ் சாப்பர்ஸின் மூன்று கம்பெனிகள் இருந்தன. சாப்பர் என்பவர் படைக்கு முன்னே சென்று சாலை வெட்டி, பாலம் கட்டி, கிணறு தோண்டி, முற்றுகையில் அகழி அகழும் பொறியியற் படையினர். 1780 செப்டம்பர் 30 அன்று மதராஸ் பயனியர்ஸ் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய இப்படை, மைசூர்ப் போர்களில் ஹைதருக்கும் திப்புவுக்கும் எதிராக இந்த மண்ணிலேயே போரிட்டது. 1830களிலிருந்து பெங்களூரில் நிலைகொண்டது. தமிழ் மாவட்டங்களிலிருந்து திரண்ட இவர்களுக்குத் தம்பி என்ற விளிப்பெயர் படைமுழுதும் நிலைத்தது. அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள அவர்களின் இன்றைய மையத்திலும் அப்பெயர் வழங்குகிறது.

இந்த வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு நீர் ஒரு கோட்டையின் ஆயுளை அளக்கும் கோல் என்பது புதிய செய்தியாகாது. பாராமகால் என்று அன்று வழங்கிய இவ்வட்டாரத்தின் மலைக்கோட்டைகளான கிருஷ்ணகிரியும் இராயக்கோட்டையும் பாறையில் தேங்கிய மழைநீரை, சுனைகளிலும் வெட்டிய குட்டைகளிலும் காத்து, அதை நம்பி நின்றவை. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையிலான ஆங்கிலப் படை கிருஷ்ணகிரிப் பேட்டையைப் பிடித்தும் மலைமேல் இருந்த கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. திப்புவுடனான 1792 உடன்படிக்கையில் பாராமகாலும், 1799இல் ஓசூர்ப் பகுதியும் கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்கு வந்தன. சுனை வற்றும் நாளைக் கணக்கிட்டுக் கோட்டையைக் காத்த அறிவு ஒருபுறம், கரி தீரும் நாளைக் கணக்கிட்டுக் கடற்கரையைக் காத்த அறிவு மறுபுறம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளே கடந்திருந்தன.

சூலாவில் பொறியாளர் படைகள் செய்த வேலைகளுள் வடிநீரின் தேவையைக் குறைத்தவையே மிக முக்கியமானவை. இறங்குதுறைப் பாலங்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. கரையிலிருந்து குமாய்லி நோக்கி இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டது. ஆளையும் பொருளையும் விரைவில் கிணற்று நீர் உள்ள இடத்துக்கு நகர்த்துவது அதன் பயன்களில் ஒன்று. நுனியில் துளைகள் கொண்ட இரும்புக் குழாயைச் சம்மட்டியால் தரைக்குள் அடித்து இறக்கி, மேலே கைப்பம்பு பொருத்தும் நார்ட்டனின் குழாய்க்கிணறு இங்கே பயன்பட்டது. அதற்கு அப்போதிருந்து அபிசீனியக் கிணறு என்ற பெயரே நிலைத்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் அடிபம்பை நினைவூட்டும் அக்கருவியின் பெயரில் இப்போரின் தாகம் இன்றும் பதிந்திருக்கிறது. படை மலையேறி, கரையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மக்தலாவை 1868 ஏப்ரல் 13 அன்று பிடித்தது. தெவோத்ரோஸ் தம் துப்பாக்கியாலேயே உயிர்துறந்தார். அதன்பின் படை முழுவதும் அதே மணற்கரைக்குத் திரும்பி இறங்கி வந்தது. மே, ஜூன் மாத வெயிலில், கப்பலேறும் முறைக்காகக் காத்திருந்தவர்களுக்கு மீண்டும் அந்தக் கண்டென்சர்களே ஆதாரம். படைவரிசை ஏட்டில் அபிசீனியா என்ற போர்ச்சிறப்புப் பெயர் மதராஸ் சாப்பர்ஸுக்கு வழங்கப்பட்டது. நீர் வடித்த கப்பல்களின் பெயர்களோ செலவுக் கணக்குகளில் மட்டுமே தங்கின.

சுவாகின், 1885

பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அதே செங்கடலின் மேற்குக் கரையில், சூலாவுக்கு வடக்கே, சூடானின் சுவாகின் துறைமுகத்தில் அதே சிக்கல் மீண்டும் எழுந்தது. மஹ்தி இயக்கத்தின் கிழக்குப் பகுதித் தலைவரான உஸ்மான் திக்னாவை எதிர்க்க ஜெனரல் சர் ஜெரால்ட் கிரஹாம் தலைமையில் இறங்கிய பிரிட்டிஷ் படையில் இந்தியப் பிரிவொன்றும், அதில் மதராஸ் சாப்பர்ஸும் இருந்தனர். இம்முறை துறைமுகத்தில் கண்டென்சர் கப்பல்கள் நிறுத்தப்படுவது தொடக்கத்திலேயே திட்டத்தின் பகுதியாயிற்று. சூலாவின் பாடம் வீண்போகவில்லை. எனினும் வடித்த நீரைக் கரையிலிருந்து போர்முனைக்குக் கொண்டுசெல்லும் சிக்கல் தீரவில்லை. ஒட்டகங்களின் முதுகில் தகரத் தொட்டிகளிலும் பீப்பாய்களிலும் நீர் ஏற்றி, அவற்றைச் சுற்றிச் சதுர அணியில் படைவீரர் காவல் நடந்து செல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தண்ணீர்ப் பயணமும் ஒரு போர்ப் பயணமாக இருந்தது.

1885 மார்ச் 22 அன்று தொஃப்ரெக் என்ற இடத்தில், சுவாகினுக்கு உட்பக்கம் சில கிலோமீட்டரில், நீரும் பொருளும் சேமிக்க ஒரு முள்வேலி அரண் அமைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சரேபா எனப்படும் அவ்வரண், ஆட்டுப்பட்டிக்குக் காட்டுமுள்ளை வெட்டி அடுக்குவதைப் போல முட்செடிகளை வெட்டிச் சுற்றி அடுக்கி அமைப்பது. சர் ஜான் மெக்நீல் தலைமையில், மதராஸ் சாப்பர்கள் முள் வெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் உஸ்மான் திக்னாவின் வீரர்கள் புதரிலிருந்து பாய்ந்தனர். கையில் வெட்டுக்கத்தியோடும் துப்பாக்கிகள் சற்றுத் தள்ளியும் நின்றவர்கள் அந்த முதல் தாக்குதலைத் தாங்கினர்; சண்டை அரை மணிக்குள் முடிந்தாலும் இழப்பு பெரிது. தொஃப்ரெக் என்ற பெயரும் சுவாகின் 1885 என்ற பெயரும் அவர்களின் சிறப்புப் பெயர்களில் சேர்ந்தன. அடுத்த நாட்களில் அந்த அரணுக்குச் சுவாகினிலிருந்து சென்ற வண்டிகளும் ஒட்டகங்களும் சுமந்தது துறைமுகக் கப்பல்கள் வடித்த நீரை. இப்போரைப் பற்றி எழுதியவர்கள் முள்வேலிக்குள் நடந்ததை விரிவாக எழுதினர். முள்வேலி அங்கே எதற்காக நின்றது என்பதை, அது முதன்மையாக ஒரு தண்ணீர்க் கிடங்கின் சுவர் என்பதை, அழுத்திச் சொன்னவர்கள் சிலரே.

வடிநீருக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. காலரா நீர் வழியே பரவுகிறது என்று ஜான் ஸ்னோ 1854இல் இலண்டனில் காட்டியிருந்தும் அது முழுமையாக ஏற்கப்படாமலிருந்த காலம். ராபர்ட் கோச் அந்நோயின் கிருமியை எகிப்திலும் பின்னர் கல்கத்தாவிலும் ஆராய்ந்தது 1883–84இல்தான். கிருமி பற்றிய தெளிவு வருமுன்னரே, கொதித்து வடிந்த நீர் என்ற காரணத்தால், கண்டென்சர் நீர் குடித்தவர்கள் இறங்குதுறைக் கிணறுகளின் கேட்டிலிருந்து தப்பினர். தொட்டியும் பீப்பாயும் அழுக்காயிருந்தால் அந்நன்மை கரையிலேயே தொலைந்துவிடும் என்பதும் உண்மை.

எழுத்துக் குறியீடு பெற்ற கப்பல்கள்

சூலாவிலும் சுவாகினிலும் நின்றவை வேறு தொழிலுக்காகக் கட்டப்பட்டு, தேவைக்காக நீர் வடிக்க அமர்த்தப்பட்ட கலங்கள். வடிப்பதற்கென்றே ஒரு கப்பலைக் கடற்படை வைத்துக்கொள்ளும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது; பிரிட்டிஷ் கடற்படையின் அக்வேரியஸ், பேக்கஸ் ஆகியவை அவ்வகையின. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் பசிபிக்கில் இயங்கிய பிரிட்டிஷ் கப்பற்படையின் துணைத்தொகுதியில் பேக்கஸ் என்னும் அதே பெயர் தாங்கிய பிற்காலக் கப்பலும் ஸ்டாக்பூல் என்பதும் வடிநீர்க் கப்பல்களாக இருந்தன.

இவ்வகைக்குத் தனி எழுத்துக் குறியீடே வழங்கியது அமெரிக்கக் கடற்படை. ஏ.டபிள்யூ. என்ற குறியின் கீழ் நான்கு கப்பல்கள் பதிவாயின: ஸ்டேக், வைல்ட்கேட், பாசிக், அபாத்தான். முதல் இரண்டும் நியூ ஆர்லியன்ஸில் விரைவாகக் கட்டப்பட்ட லிபர்ட்டி வகை எண்ணெய்க் கப்பல்கள்; ஏறத்தாழ 134 மீட்டர் நீளமும் மணிக்குப் பதினொரு கடல்மைல் வேகமும் கொண்டவை. பின்னிரண்டும் கலிபோர்னியாவில் கட்டப்பட்ட, அவற்றைவிடப் பெரிய டி-2 வகை எண்ணெய்க் கப்பல்கள். பிலிப்பைன்ஸ் ஆறுகளின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. எண்ணெய்க் கப்பலை இதற்குத் தேர்ந்தெடுத்ததில் நல்ல அறிவு உண்டு: எரிக்க எண்ணெயும், வடித்த நீரைச் சேமிக்கப் பெருந்தொட்டிகளும், அதை அடுத்த கப்பலுக்குச் செலுத்தப் பம்புகளும் குழாய்களும் ஒரே உடலில் ஏற்கெனவே இருந்தன.

நிலத்துறைமுகத்தை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகி, பவளத்தீவு வளையங்களுக்குள் நங்கூரமிட்ட பெரும் கடற்படைக்கு அவை பணிபுரிந்தன. கரோலின் தீவுகளில் உள்ள உலித்தி வளையத்தில் 1945 மார்ச்சில் அறுநூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஒருசேர நின்றன. பெரிய போர்க்கப்பல்கள் தமக்கு வேண்டிய நீரைத் தாமே வடித்துக்கொண்டன. தரையிறங்கு கலங்களும் சிறு படகுகளும் அப்படிச் செய்ய இயலாதவை; கொதிகலன் பழுதான கப்பலுக்கும் கரையில் முகாமிட்டவர்களுக்கும் வெளியிலிருந்து நீர் வர வேண்டும். வடிநீர்க் கப்பல்களை நிர்வகித்த அமெரிக்கக் கடற்படையின் பத்தாம் துணைத்தொகுதியின் தலைவர் வொரல் கார்ட்டர் பின்னாளில் எழுதிய நூல், எண்ணெயும் குண்டும் போலவே நீரையும் ஒரு போர்ப்பொருளாகக் கணக்கிட்டது. அக்கப்பல்களின் பணி ஏடுகளில் வீரச்செயல்கள் இல்லை. எந்தக் கப்பல் எப்போது பக்கத்தில் வந்து கட்டியது, எவ்வளவு நீர் பெற்றது, எந்த வடிகலன் படிவு நீக்க நிறுத்தப்பட்டது என்பவையே நாள்தோறும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தவை. போர் முடிந்ததும் அவற்றின் தேவையும் முடிந்தது.

தேவை முடிந்ததற்குப் போரின் முடிவு மட்டும் காரணமன்று. ஒரு கலனில் எழுந்த ஆவியின் வெப்பத்தைக் கொண்டே அடுத்த கலனைக் குறைந்த அழுத்தத்தில் கொதிக்கவைக்கும் பல்கட்ட ஆவியாக்கமும், ஆவியை அழுத்திச் சூடேற்றி அதையே மீண்டும் வெப்பமூலமாக்கும் அமுக்க வடிகலனும் எரிபொருள் செலவை வெகுவாகக் குறைத்தன. ஒவ்வொரு கப்பலும் தனக்கு வேண்டியதைத் தானே வடிப்பது எளிதாயிற்று. பின்னர், 1960ஐ ஒட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வு, கொதிக்கவைத்தலையே தவிர்க்க வழி செய்தது. எதிர்ச்சவ்வூடு பரவல் என்று பாடநூல்களும் ஆர்.ஓ. என்று ஊராரும் சொல்லும் அம்முறையில் கடல்நீர் அழுத்தத்தால் சவ்வின் வழியே தள்ளப்படுகிறது, உப்பு பின்தங்குகிறது. ஒரு டன் நீரை ஒரே கட்டத்தில் காய்ச்சி வடிக்க எழுநூறு யூனிட்டுக்கு இணையான வெப்பம் ஆகும் இடத்தில், கடல்நீர் ஆர்.ஓ. நிலையம் மூன்று நான்கு யூனிட் மின்சாரத்தோடு முடிக்கிறது. மின்சாரத்தை உண்டாக்க ஆகும் வெப்பத்தைச் சேர்த்தாலும் இடைவெளி மிகப் பெரிது.

2014 டிசம்பர் 4 அன்று மாலத்தீவின் தலைநகர் மாலேயில் நீர்நிலையம் தீப்பிடித்து, ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குக் குழாய்நீர் நின்றபோது, இந்தியக் கடற்படையின் சுகன்யா, தீபக் ஆகிய கப்பல்கள் அனுப்பப்பட்டன. சுகன்யா நீரோடு ஆர்.ஓ. கருவிகளையும் கொண்டு சென்றது. தீபக் எரிபொருள் வழங்கும் பெருங்கப்பல் ஆகையால் தொட்டி நிறைய நீரும் சுமந்து, நாளொன்றுக்கு நூறு டன் அளவில் புதிதாக உண்டாக்கவும் செய்தது. வடிநீர்க் கப்பல் என்ற பெயர் பட்டியலிலிருந்து மறைந்தாலும் அதன் பணி இவ்வாறு தொடர்கிறது.

தமிழ்நாட்டுக் கடலிலும் ஒருகாலம் அவ்வகைக் கலம் நின்றது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், இலட்சத்தீவின் கவரத்தியில் 2005இல் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நிலையத்தை நிறுவிய பின், 2007இல் சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் சாகர் சக்தி என்னும் மிதவைக்கலத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் நன்னீர் வடித்துக் காட்டியது. அதில் கொதிகலன் கிடையாது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் காற்று நீக்கிய அறைக்குள் விட்டால், அழுத்தம் குறைவதால் அது 28 டிகிரியிலேயே ஓரளவு ஆவியாகும். ஐநூறு மீட்டருக்கும் கீழிருந்து நீண்ட குழாய் வழியே இழுத்த குளிர்நீர் அந்த ஆவியை நீராக்கும். கரி எரிக்காமல் சூரியன் ஏற்கெனவே சூடேற்றி வைத்த கடலையே அடுப்பாக்கிய அந்த முயற்சி, சூலாவின் கணக்குக்கு எதிர்முனையில் நிற்பது. பம்புகளுக்கு மட்டும் மின்சாரம் வேண்டும். ஆழமான கடலுக்குச் செல்ல நெடுந்தூரம் போக வேண்டிய சென்னைக் கரைக்கு அது நிலையான தீர்வாகவில்லை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆர்.ஓ. நிலையங்களே எழுந்தன. ஆயினும் தமிழ்நாட்டின் கடல் வரலாற்றில் அம்மிதவைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எல்லைப்புற மேட்டுநிலத்தில்

ஓசூரின் தொழிற்பேட்டை 1970களில் உருவாகி, 1980களில் வாகனம், கடிகாரம், இயந்திர உறுப்புகள் என விரிந்தது. மேட்டுநிலத்தின் குளிர்ந்த காற்றும் பெங்களூரின் அண்மையும் தொழிலை ஈர்த்தன. நீர் அவ்வளவு தாராளமாக இல்லை. கருங்கல் பாறைக்குள் ஆழ்துளையிட்டு எடுக்கும் நீர் கடினமானது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பல ஊர்களில் பாறையிலிருந்து கரையும் புளோரைடு அளவுக்கு மிஞ்சியது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பற்களையும் எலும்புகளையும் கெடுக்கும் அப்பொருளை நீர் நீண்டகாலம் சுமந்தது. அதை மாற்றவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கி, எல்லைக்கு அப்பாலிருந்து எழுந்த எதிர்ப்பையும் கடந்து, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து நுரைத்து வரும் தென்பெண்ணை, ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்குவதை இவ்வூர் மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர்.

ஆழ்துளையிலிருந்தோ ஆற்றிலிருந்தோ இவ்வாறு வரும் நீரைப் பாய்லருக்கோ வண்ணப்பூச்சுக் கூடத்துக்கோ நேரடியாக விட முடியாது. சாஃப்ட்னரில் கடினத்தை நீக்கி, ஆர்.ஓ. வழியே செலுத்தி, உப்பை முற்றும் அகற்றிய டி.எம். வாட்டராக்கிய பின்னரே அது தொழிலுக்கு உதவும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் என்று கடைக்காரர் தரும் புட்டியிலும் இருப்பது பெரும்பாலும் இவ்வாறு உப்பு நீக்கிய நீரே; வாலையின் பெயர் மட்டும் புட்டியில் தங்கிவிட்டது. கழிவுநீரை வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்ட ஆலைகளிலோ கதை மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. ஆர்.ஓ. ஒதுக்கிய உப்பு மிகுந்த நீரை இனி சவ்வில் தள்ள முடியாது என்பதால், அதைப் பல்கட்ட ஆவியாக்கியில் கொதிக்கவைத்து, ஆவியை நீராக மீட்டு, உப்பைத் திண்மமாகப் பிரிக்கின்றனர். உலித்தியில் நின்ற வடிகலன்களின் நேர் வழித்தோன்றல்கள் இவை. குழாய்ச்சுவரில் கல்லாகப் படிவதும், அதை அமிலம் விட்டுக் கழுவ இயந்திரத்தை நிறுத்துவதும், நிறுத்திய நேரத்தில் தேங்கும் நீரை எங்கே வைப்பது என்ற தவிப்பும் அப்படியே தொடர்கின்றன. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள இத்தகைய ஆவியாக்கிக் கூடங்களில், முறை மாறும் ஒவ்வொரு ஷிப்டிலும் எரிந்த விறகின் அல்லது கரியின் எடையும் மீண்ட நீரின் அளவும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்படுகின்றன. சூலாவில் தனித்தனிப் புத்தகங்களில் கிடந்த அவ்விரு எண்களும் இங்கே ஒரே தாளில் உள்ளன.